எதிர்க்கடையும் நானும் பவர் டில்லரும்

பவர் டில்லர் விற்கிறவனிடம் எந்த வாடிக்கையாளரும் தனியாக வருவதில்லை. எதிர்க்கடைக்காரனையும் மனசுக்குள் கூட்டிக்கொண்டுதான் வருவார். புடவை விற்பவர்களே, ஸ்கூட்டர் விற்பவர்களே, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்ற வார்த்தையைக் கேட்டு வயிறு எரிந்த சகோதர சகோதரிகளே, இது உங்களுக்காக.

எண்பதுகளின் கடைசி. தாம்பரம்–வேளச்சேரி ரோட்டில், ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் கிளை. கிளை என்றால் நான்தான். மெக்கானிக் புதன்கிழமை மட்டும் கிண்டியிலிருந்து வருவார். மற்ற நாளெல்லாம் நானும் மூன்று நீல வண்டிகளும்தான். பவர் டில்லர் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: முன்னால் பெரிய ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின், கீழே ரெண்டு சக்கரம், பின்னால் நீளமாக ரெண்டு கைப்பிடி. வயலில் உழும், டிரெய்லர் மாட்டினால் செங்கல் இழுக்கும், பெல்ட் போட்டால் தண்ணீர் இறைக்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, இதையே பச்சைக் கலரில் விற்கும் இன்னொரு கடை.

என் மனைவி சரோஜா போளூர் பக்கத்தில் டீச்சர். மூணு வயசுப் பெண் அவளோடு. நான் செம்பாக்கத்தில் ஒரு ரூம், ஒரு ஸ்டவ், ஒரு பாய் என்று கிடந்தேன். மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போளூர் போய் வருவேன். கடை மாடியில் ரெண்டு அறை, ஸ்பேர் பார்ட்ஸ் போட்டுப் பூட்டியிருந்தது. முதலாளி ஒருநாள் அதைக் காட்டிச் சொன்னார்: "எதிர்க்கடை மூடட்டும்யா, மாடி உனக்கு. குடும்பத்தைக் கூட்டிக்கிட்டு வந்துடு." அந்த நிமிஷத்திலிருந்து பச்சைக் கலரைப் பார்த்தாலே எனக்கு ஆகாது.

பதினாலு பேர் பாரம்

மாடம்பாக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். கூடவே பெண்டாட்டி, மச்சான், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று பதினாலு டிக்கெட். எல்லாரையும் டிரெய்லரில் ஏற்றி ஏரிக்கரை வரைக்கும் ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓட்டினேன். இறங்கி, அப்படியே ரோட்டைத் தாண்டி, அதே பதினாலு பேரும் பச்சை வண்டியில் ஏறி அதே ஏரிக்கரைக்குப் போனார்கள். கை காட்டிக்கொண்டே போனார்கள். எனக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே!

திரும்பி வந்ததும் நடுரோட்டில் பஞ்சாயத்து. பச்சை வண்டி சத்தமில்லாமல் போகிறது என்று மச்சான் அடித்துச் சொன்னார். எங்கள் வண்டி கத்தும், அது ஊரறிந்த விஷயம். சரி, போச்சு என்று சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன். கடைசியில் விவசாயியின் பெண்டாட்டி, அந்த அம்மாதான் எங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவர்கள் கிளம்பிப் போனதும் கடை ஒரேயடியாக அமைதியாகிவிட்டது; விற்ற சந்தோஷத்தைச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் மீதி ரெண்டு வண்டியையும் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா சொன்ன காரணம் இதுதான்: "நீல வண்டியே இருக்கட்டும். சத்தம் நின்னா இந்தாளு மரத்தடில குந்திக்கினு கீறாருன்னு எனுக்கு வூட்லேந்தே தெரியும்ல."

தபால்காரர்கள்

எதிர்க்கடையில் இருந்தவர் பெயர் தேவசகாயம். அம்பது வயசிருக்கும். மார்த்தாண்டத்துக்காரர், அவருக்கும் குடும்பம் ஊரில். நாங்கள் பேசிக்கொள்ளக் கூடாது என்று ரெண்டு முதலாளிகளுக்கும் கண்டிப்பான உத்தரவு. விலையைச் சொல்லிவிடுவோமாம். அதனால் நாள் முழுக்க ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு, நடுவில் லாரியும் பஸ்ஸும் போக, உட்கார்ந்திருப்போம். நான் தும்மினால் அவர் நிமிர்ந்து பார்ப்பார். அவ்வளவுதான் உறவு.

ஆனால் வாடிக்கையாளருக்கு அந்த உத்தரவு கிடையாதே. அங்கே பார்த்துவிட்டு இங்கே வருகிறவர், "அவர் கேக்கச் சொன்னாரு, ஜுரம் விட்டுச்சான்னு" என்பார். நான் "விட்டுடுச்சு, அவர் பொண்ணு பரிட்சை என்னாச்சுன்னு கேளுங்க" என்பேன். அந்த ரோட்டில் என்னிடம் ஜுரத்தைப் பற்றிக் கேட்ட ஒரே மனுஷன் அவர்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். வேங்கைவாசலிலிருந்து வந்த ஒருத்தர் ஒரே காலையில் நாலு தரம் ரோட்டைக் கடந்தார். நாலாவது தரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: "இன்னா சார் பேஜாரு, நான் வண்டி வாங்க வந்தேனா, உங்க ரெண்டு பேருக்கும் தபால் குடுக்க வந்தேனா?"

சேற்றில் ஒரு மதியச் சாப்பாடு

அகரம்தென்னில் ஒரு பண்ணைக்காரர் விவரமானவர். ரெண்டு வண்டியும் ஒரே நாளில், ஒரே வயலில், தண்ணீர் கட்டின சேற்றில் உழ வேண்டும், எது ஜெயிக்கிறதோ அதை வாங்குவேன் என்றார். நானும் தேவசகாயமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினோம். மூணாவது சுற்றில் என் நீலக்குதிரை அச்சு வரை இறங்கி உட்கார்ந்துவிட்டது. ஏலேலோ போட்டும் அசையவில்லை. தேவசகாயம் பச்சை வண்டியை நிறுத்தி, கயிற்றைக் கட்டி, வாடிக்கையாளர் கண் முன்னாலேயே என்னை இழுத்து வெளியே போட்டார். அப்புறம் எந்த வண்டி விற்றிருக்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

மானம் போயிற்று. ஆனால் சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்து பண்ணைக்காரர் வீட்டுச் சோறும் கருவாட்டுக் குழம்பும் அவரோடு சாப்பிட்டதுதான், அந்த வருஷத்தில் ராஜகீழ்ப்பாக்கத்துப் பக்கம் நான் துணையோடு சாப்பிட்ட ஒரே மதியச் சாப்பாடு. எனக்கு உள்ளுக்குள் உறுத்தல் வேறு. பச்சை வண்டிக்கு ஸ்பேர் கிடைக்காது என்று வருகிறவனிடமெல்லாம் ஓதிக்கொண்டிருந்தவன் நான். மாடி அறைக்காகத்தான். சொல்லிவிடலாமா என்று குழம்பைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவரே முந்திக்கொண்டார்: "ஸ்பேர் கிடைக்காதுன்னு நீங்க சொல்றது எனக்குத் தெரியும் தம்பி. நல்லா சாப்பிடுங்க, உங்க வண்டி எண்ணெய் குடிக்கும்னு நானும் சொல்லிட்டுதான் இருக்கேன்."

ஷட்டர்

நாலாவது வருஷம் என் ஓதல் பலித்தது. பச்சை வண்டி ஏஜென்சி கைமாறி எங்கேயோ போயிற்று. கடையைக் காலி செய்கிற அன்று தேவசகாயம் முதல் தடவையாக ரோட்டைக் கடந்து என் கடைக்குள் வந்தார். உட்காரச் சொன்னேன். வண்டிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், கிளட்சை அமுக்கிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது, டீ வாங்கப் போகிற சாக்கில் வெளியே போய்விட்டேன். டீயைக் குடித்துவிட்டு அவர் எழுந்தார்: "தோத்தது நான்தான், ஒத்துக்கறேன். ஆனா நாளையிலேர்ந்து வீட்டுச் சாப்பாடு எனக்குத்தான் தம்பி."

எதோடு ஒப்பிடுவது?

அன்றைக்கே சரோஜாவுக்குக் கடிதம் போட்டேன்: மாடி கிடைத்துவிட்டது, தாம்பரம் பக்கம் மாற்றலுக்கு எழுதிப் போடு. இனி போட்டியே இல்லை, வருகிறவனெல்லாம் நம்மிடம்தானே வாங்கியாக வேண்டும் என்று கணக்கு.

வந்தார்கள். எங்கள் வண்டியைத் தட்டிப் பார்த்தார்கள். பிறகு வழக்கம்போல ரோட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள், அங்கே இறக்கிவிட்ட ஷட்டர். உடனே முகத்தில் ஒரு சந்தேகம். "வரோம் சார்" என்று போய்விடுவார்கள். போனவர்கள் செங்கல்பட்டில் வாங்கினார்கள். அங்கே நீலம், பச்சை ரெண்டு கடையும் அடுத்தடுத்து இருந்தது. வாங்கினதும் இதே நீல வண்டிதான்! எனக்கு நாள் முழுக்கப் பார்ப்பதற்கு அந்த ஷட்டர் மட்டும்தான் மிச்சம். தும்மினால் நிமிர்ந்து பார்க்க ஆளில்லை. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், முடிச்சூர்க்காரர் ஒருவரை வாசலிலேயே மறித்து, இதே வண்டிக்கு ஏன் அய்யா அவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னார்: "ஒண்ணே ஒண்ணப் பாத்து வாங்கினா ஏமாந்துட்டாப்லயே கீது சார். ரெண்டப் பாத்து ஏமாந்தாத்தான் மனசு ஆறுது."

நல்ல சேதி

சரோஜா யார் யார் காலிலோ விழுந்து, சேலையூரில் ஒரு பள்ளிக்கு மாற்றல் வாங்கிவிட்டாள். ஸ்பேர் பார்ட்ஸையெல்லாம் கீழே இறக்கி, மாடிக்கு நானே சுண்ணாம்பு அடித்தேன். பால் காய்ச்சினோம். என் பெண்ணுக்கு ஏழு வயசு ஆகியிருந்தது. மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து போகிற அப்பாவைத்தான் அவளுக்குத் தெரியும். மூணாம் நாள் காலையில் தட்டில் இட்லியோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, ரொம்ப மரியாதையாக, "அப்பா, நீங்க எப்போ கெளம்பறீங்க?" என்று கேட்டாள். "கிளம்பமாட்டேன்டா கண்ணு, இனிமே இங்கதான்" என்றேன். அவள் நம்பவில்லை. தினமும் கேட்டாள்.

பதினெட்டு நாள் குடும்பம் நடத்தினோம். பத்தொன்பதாம் நாள் முதலாளி வந்தார். விற்பனைப் புத்தகத்தைப் புரட்டினார், எதிர் ஷட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். மனுஷன் என் தோளில் கை போட்டார்: "ஒண்ணும் கவலைப்படாதய்யா, இந்தக் கிளையை விழுப்புரத்துக்கு மாத்தறேன், நீயே போய்ப் பாத்துக்க. அங்க இடம் பாத்தாச்சு, நேர் எதிர்லயே ஒரு பச்சை வண்டிக் கடை இருக்கு, யாவாரம் பிச்சுக்கும்!"

ஆக, நாலு வருஷம் நாயாய் அலைந்து எதிர்க்கடையை மூட வைத்ததில் என் பெண்டாட்டியும் பெண்ணும் தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தார்கள், நான் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன்.