ஆண்டவருக்கு ஒரு பிரதி

என் மனைவி ராணி எங்கள் ஆலயத்தில் கன காலமாக வேதபாடம் வாசிப்பவள். அவள் வாசித்து முடித்ததும் பெரிய வேதப் புத்தகத்தை மூடி அலுமாரியில் வைப்பது என் பொறுப்பு. போன வருடம் மாரி தொடங்குவதற்குச் சற்று முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூடப் போனபோதுதான் திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தேன். அவள் வாசித்தது சங்கீதம். அவளுக்கு முன்னால் திறந்திருந்தது இராஜாக்களின் புத்தகம்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"கன நாளா இப்பிடித்தான்," என்றாள். "எழுத்தெல்லாம் புகை மாதிரித் தெரியுது. சங்கீதம் எனக்குப் பாடம்தானே. ஆருக்குத் தெரியப்போகுது எண்டு இருந்தனான்."

கண் வைத்தியர் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை, ஒரு கண்ணில் முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் சத்திர சிகிச்சை இலவசம். கண்ணுக்குள்ளே வைக்கும் வில்லையை மட்டும் நாங்கள் வெளியில் வாங்கிக் கொடுக்க வேண்டும். "இதுக்கு மேல தள்ளிப்போட ஏலாது ஐயா," என்று சொல்லி ஒரு திகதியும் தந்தார்.

சபையார் பலருக்கு என்னைத் தெரியும். துறைமுகப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் பிரதம எழுதுநராக இருந்து ஓய்வு பெற்றவன். படிவத்தைக் கண்டாலே பசியாறுகிறவன். எங்கள் சேமிப்பு முழுவதையும் நிலையான வைப்பில் போட்டிருந்தோம். வட்டியில் வங்கி வரி கழித்தது. எங்கள் வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லாததால், அந்த வரியைத் திருப்பித் தரும்படி முறையாக விண்ணப்பித்தேன். பிறகு கச்சான் காற்று வீட்டுக் கூரையைக் கொண்டுபோக, வைப்பையும் உடைக்க வேண்டியதாயிற்று. ஓய்வூதியம் அரிசிக்கும் மருந்துக்கும் சரி. ஆகவே ராணியின் கண்ணுக்கு என்று மிஞ்சியிருந்தது அந்த வரிப்பணம் மட்டுமே. அது ஒரு வருடத்துக்கு மேலாகியும் வரவில்லை.

இதில் எனக்கு இருந்த வெட்கத்தையும் சொல்ல வேண்டும். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஒரு கதிரையைப் போட்டு, வரிக்காசு வராதவர்களுக்கெல்லாம் புத்தி சொல்கிறவன் நான். வருமான வரி விபரத்திரட்டு கொடுத்ததற்கு அத்தாட்சி இருக்கிறதா? வரி கழித்த சான்றிதழை வங்கியிடம் வாங்கினீர்களா? பழைய பாக்கி இருந்தால் அதில் கழித்துக்கொள்வார்கள், பார்த்தீர்களா? கொடுத்த வங்கிக் கணக்கு இன்னும் நடப்பில் இருக்கிறதா? இப்படி வரிசையாகக் கேட்பேன். பாதிப் பேர் இரண்டாவது கேள்வியிலேயே தலையைச் சொறிவார்கள். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அப்படிப்பட்டவன் என் காசு வரவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

வரி அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அலுவலர் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்கட காசுக்கு அனுமதி குடுத்தாச்சு ஐயா. பாங்குக்குப் போயிருக்கும். ஒருக்கா அங்க கேட்டுப் பாருங்கோ," என்றார். நல்ல பிள்ளை. மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும்படி எனக்கே சொல்வதா?

நான் வங்கிக்குப் போகவில்லை. கொழும்புக்கு எழுதினேன். முதலில் நினைவூட்டல், பிறகு நினைவூட்டலுக்கு நினைவூட்டல், அதன் பிறகு மேலதிகாரிக்கும் அவருடைய மேலதிகாரிக்கும் பிரதி.

ராணி குசினியில் இருந்தபடி ஜெபித்துக்கொண்டே இருந்தாள். உப்புப் போத்தலையும் சீனிப் போத்தலையும் தடவிப் பார்த்து எடுப்பாள். சில நாள் தேநீர் கரித்தது. நான் அதையும் குடித்து முடித்தேன். சத்திர சிகிச்சைத் திகதி நெருங்கியது. ஒரு பின்நேரம் நான் இன்னொரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"இஞ்சருங்கோ, இந்த முறை ஆருக்கெல்லாம் பிரதி?"

சொன்னேன்.

"அவ்வளவு பேருக்கும் போடுறீங்கள். ஆண்டவருக்கும் ஒரு பிரதி போடுங்கோவன்."

நக்கல்தான். நாற்பது வருடம் என்னோடு இருந்தவளுக்கு அது வராமல் போகுமா? ஆனால் சொல்லிவிட்டுத் திரும்பியவள் கதவுநிலையில் தோளை இடித்துக்கொண்டாள். அந்தச் சத்தம் எனக்குள் எங்கேயோ போய் விழுந்தது. பேனையை வைத்தேன். மேசையிலேயே கண்ணை மூடினேன். ஜெபத்தில் நான் வழக்கமாக நன்றாகப் பேசுவேன், முன்னுரையெல்லாம் இருக்கும். அன்று ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, எனக்குத் தெரிந்த நடைமுறையெல்லாம் முடிந்துவிட்டது. ராணியின் கண்ணை நீரே பார்த்துக்கொள்ளும்." அவ்வளவுதான். அழுதேன்.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. வெளிச்சமும் தெரியவில்லை. ஒரு யோசனை மட்டும் வந்தது: புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் இதை எழுந்து சொல். அது என் சொந்த யோசனையாக இருக்க வாய்ப்பே இல்லை. எனக்கு அப்படிப்பட்ட யோசனைகள் வருவதில்லை.

புதன்கிழமை எழுந்து நின்றேன். என் மனைவியின் கண்ணையும், வராத பணத்தையும் சொன்னேன். உடனே ஒரு குரல் எழுந்தது. புஷ்பம் ரீச்சர். ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர். ஆலயப் பரிபாலன சபையில் நான் கொண்டுவரும் தீர்மானம் எதையும் எதிர்க்காமல் விட்டதில்லை.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. அந்த எக்கவுண்ட் உயிரோட இருக்கோ?"

"என்ன கேள்வி ரீச்சர் இது? இந்தக் காசுக்கெண்டே தனியாத் திறந்த எக்கவுண்ட். வேற ஒண்டும் கலக்கக் கூடாதெண்டு நான் அதைத் தொடவே இல்லை."

"அதைத்தான் கேக்கிறன். தொடாமலே வைச்சிருந்தா உயிர் இருக்குமோ? போன வருசம் என்னை வாசலில நிப்பாட்டி இதே கேள்வியைக் கேட்டனீங்கள். எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். போதகரும் வாயைப் பொத்திக்கொண்டார். ராணி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. சிரித்து ஓய்ந்த பிறகு எனக்காக ஜெபித்தார்கள்.

மறுநாள் வங்கிக்குப் போனேன். கணக்குத் திறந்த நாளுக்குப் பிறகு ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லாததால் அது செயலற்ற கணக்காகிவிட்டதாம். வந்த பணம் வந்த வழியே திரும்பிவிட்டது. அடையாள அட்டையைக் காட்டி, கையெழுத்து வைத்து, கொஞ்சக் காசு போட்டதும் கணக்கு உயிர்த்தது. அங்கிருந்து வரி அலுவலகத்துக்குப் போனேன். அதே பிள்ளை. என்னைத் திட்ட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. "பரவாயில்லை ஐயா. திரும்ப அனுப்பக் கொஞ்ச நாள் எடுக்கும்," என்று மட்டும் சொன்னார்.

கொஞ்ச நாள் எங்களிடம் இல்லை. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தால், விறாந்தையில் புஷ்பம் ரீச்சர் ராணியோடு தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். மேசையில் ஓர் உறை. நேற்றைய கூட்டத்தில் இருந்தவர்கள் சேர்த்த காசு.

"கடனா ரீச்சர்?"

"கடன் எண்டா நீங்கள் ஒப்பந்தம் எழுதி, முத்திரை ஒட்டி, பிரதியும் எடுப்பீங்கள். எனக்கு ஏலாது. வரிக்காசு வந்தா வசதியில்லாத இன்னொராளின்ர கண்ணுக்குக் குடுங்கோ. தேத்தண்ணி கரிக்குது, முதல்ல இவவின்ர கண்ணைச் செய்யுங்கோ."

குறித்த திகதியிலேயே சத்திர சிகிச்சை நடந்தது. கண்ணின் கட்டை அவிழ்த்ததும் ராணி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கர்த்தருக்குத் தோத்திரம் சொல்லப்போகிறாள் என்று நானும் கையைக் கூப்பினேன்.

"சேட்டுப் பொத்தானை மாறிப் போட்டிருக்கிறீங்கள்," என்றாள். தோத்திரம் அதன் பிறகுதான் வந்தது.

வரிப்பணமும் பிறகு வந்து சேர்ந்தது. சொன்னபடியே அது சல்லிக் கிராமத்தில் கிழிந்த வலை பொத்தும் ஒரு தாயின் கண்ணுக்குப் போனது. அவர் தன் அம்மனுக்கும் நன்றி சொல்லியிருப்பார். இப்போது ஊசியில் நூலைத் தானே கோர்க்கிறாராம். ராணியின் மற்றக் கண்ணுக்கும் திகதி கிடைத்திருக்கிறது. இந்த முறை எனக்குப் பயமில்லை.

உயிர்த்த ஞாயிறு கழிந்து சில வாரத்தில் ராணி மறுபடியும் வாசிக்க எழுந்தாள். அன்றைக்குக் குறித்திருந்த பாடம் ஒரு வம்ச வரலாறு. இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று பெயர் பெயராகப் போகும் அதிகாரம். உலகத்தில் ஒருவரும் அதை மனப்பாடம் செய்வதில்லை. அவள் ஒரு பெயரையும் விடாமல் வாசித்தாள். சபை கொட்டாவி விட்டது. நான் முன்வரிசையில் இருந்து அழுதேன். புத்தகத்தை மூடப் போனபோது பக்கத்தைப் பார்த்தேன். சரியான பக்கம்.

இப்போதும் ஆராதனை முடிந்ததும் வாசலில் அதே கதிரையில் இருக்கிறேன், அதே கேள்விகளைத்தான் கேட்கிறேன். கணக்கு நடப்பில் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள், சான்றிதழைத் தொலைக்காதீர்கள். ஆனால் யாருக்கும் பதில் சொல்வதற்கு முன் அவரோடு சேர்ந்து ஜெபிக்கிறேன். பிரியமானவர்களே, உங்கள் காரியம் எந்த மேசையில் தங்கி நின்றாலும் சரி, எழுத வேண்டியவர்களுக்கு எழுதுங்கள். ஆண்டவருக்கு மட்டும் என்னைப் போலக் கடைசியில் பிரதி அனுப்பாதீர்கள். மூலத்தையே அவருக்கு அனுப்புங்கள்.