முதலாளி விற்ற கார்

என் அப்பா பன்னிரண்டு வருஷம் ஒரு ஜெர்மன் காரை ஓட்டினார். அதற்கு ஒரு நாளும் பில் கட்டியதில்லை. பில்லெல்லாம் முதலாளியின் ஆபீசுக்குப் போய்விடும். அந்தக் காரைப் பற்றி அப்பாவுக்குத் தெரியாதது அது ஒன்றுதான்.

முதலாளி மகனோடு இருக்க வெளிநாடு கிளம்பியபோது, அப்பாவுக்குக் கணக்கு முடித்துத் தரவேண்டிய இரண்டு லட்சத்துக்குப் பதிலாகக் காரையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். வெளியே விற்றால் நாலு லட்சம் போகும், உனக்காகத்தான் என்றாராம். அந்தப் பணம் அக்காவின் நர்சிங் படிப்புக்கு என்று வீட்டில் பேசி வைத்திருந்தது.

"யானைய கட்டித் தீனி போட நம்மளால ஆவுமா?" என்றாள் அம்மா.

"கல்யாணத்துக்கு வாடகை விட்டா ஒரே சீசன்ல பீஸ் கட்டிடலாம்" என்றார் அப்பா. ஒன்பது வயதான என்னையும் கேட்டார். வாங்குப்பா என்று குதித்தேன். அக்காவை யாரும் கேட்கவில்லை.

விவேக் நகரில் எங்கள் சந்துக்குள் அந்தக் கார் வந்து நின்றால் ஆட்டோ போக வழியிருக்காது. எனக்கு அதுவே பெருமை. இரண்டாவது வாரம் ஒரு காலையில் பார்த்தால், டயரெல்லாம் சரியாக இருக்க, வண்டி மட்டும் வயிறு தரையில் பட உட்கார்ந்திருந்தது. காற்றுப் பையின் மேல் நிற்கிற வண்டியாம், பை கிழிந்துவிட்டதாம். மெக்கானிக் சொன்ன தொகையைக் கேட்டு அப்பாவும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பழைய வண்டிதானப்பா, இவ்ளோவா?"

"வண்டி பழசானா வண்டி வெலதாண்ணா கொறையும். பார்ட்ஸ் வெல கொறையுமா?"

அம்மாவின் சீட்டுப் பணம் அதற்குப் போனது. ஒரே ஒரு கல்யாணத்துக்கு வாடகை கிடைத்தது. பாதி வழியில் கியர் விழாமல், மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை ஆட்டோவில் போனார். வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். 'இந்த ஒரு வருஷம் மட்டும்' என்று அக்கா கார்மென்ட்ஸ் வேலைக்குச் சேர்ந்தாள்.

அந்த வருஷம்தான் எனக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். கோவில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. காரில்தான் போவேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதேன். கார் அப்போது பேட்டரி செத்துக் கிடந்தது. அக்கா அந்த மாதச் சம்பளத்தை அப்படியே அப்பாவிடம் கொடுத்தாள்.

"பாப்பா ஆசப்படுது, போட்டுருப்பா."

புதுநன்மை அன்று காலையில் வண்டி புறப்பட்டது. அக்காவை ஏறச் சொன்னபோது, "நீங்க போங்க, நான் நடந்து வரேன்" என்றாள். டிராபிக்கில் நாங்கள் ஊர்ந்து போய்ச் சேருவதற்குள் அவள் கோவில் வாசலில் நின்றிருந்தாள். வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் இறங்கினேன்.

அந்தக் கார் கடைசியில் இரும்புக்கடைக்குப் போனது. அக்கா இன்னும் கார்மென்ட்ஸில்தான் இருக்கிறாள். முதலாளி தங்கமான மனுஷன் என்று அப்பா இன்றும் சொல்வார். எனக்கு வயிறு எரியும். ஆனால் அந்த ஆளைத் திட்டி என்ன பயன்? அக்கா ஒரு தடவைகூட அந்தக் காரில் ஏறியதில்லை. அன்று எனக்கு அது உறைக்கவில்லை. பின் சீட்டு முழுக்க எனக்கே கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன்.