மேவிஸ் கார்சைடும் 'ஹூம்' என்ற சொல்லும்

ஹல் நகரத்தில் எங்கள் பிஸ்கட் ஆலையின் தொழிற்சங்கப் பிரதிநிதி மேவிஸ் கார்சைடுக்கு இரண்டு குரல்கள் இருந்தன. ஒன்று, எந்திர இரைச்சலை மீறிப் பொட்டலப் பகுதி முழுக்கக் கேட்கும். மற்றது டெலிபோனை எடுத்ததும் வரும் நாசூக்கான, படித்தவர் குரல். டாக்டர், பாதிரியார், மேலாளர் எல்லாருக்கும் அதுதான். எங்கள் ஊர்ப் பெண்கள் பலரிடம் அப்படியொரு குரல் உண்டு.

முன்பு ஒரு விசாரணையில் அந்தக் குரலில் பேசும்போது, ஆங்கில இலக்கணப்படி 'ஹூம்' (whom) வரவேண்டிய இடத்தில் 'ஹூ' (who) என்றாள். பணியாளர் அதிகாரி பெட்டிஃபர் "ஹூம்" என்று திருத்தினார். நம் 'யார்', 'யாரை' வேறுபாடுதான். எங்கள் ஆலைக்காரர்கள் பேச்சில் அதை எப்போதோ உதறிவிட்டார்கள். உதறாதவர்கள் அதை எங்களை வெளியே நிறுத்தும் வேலியாக நட்டு வைத்திருக்கிறார்கள். அறையில் சிரிப்பு. மேவிஸுக்குச் சொல்ல வந்தது மறந்துபோயிற்று. அவள் யாருக்காகப் பேசினாளோ, அவர் தோற்றார்.

அடுத்து எங்களோடு பொட்டலம் கட்டும் நோரீனின் வேலை போனது. அனுமதி கேட்காமல் கழிப்பறைக்குப் போனாள், அதுதான் குற்றம். வளர்ந்த பெண் ஒன்றுக்குப் போகக் கையை உயர்த்த வேண்டுமென்று விதி எழுதியவரின் இலக்கணம் மட்டும் சுத்தம். அவளுக்காகப் பேச வேண்டியது மேவிஸ். நூலகத்து இலக்கணப் புத்தகமும் கையுமாக அந்த வாரம் முழுவதும் கேன்டீனில் 'ஹூ, ஹூம்' என்று முணுமுணுத்தாள். சாப்பாடு இறங்கவில்லை.

விசாரணையன்று சாட்சியாக நானும் இருந்தேன். மேவிஸ் டெலிபோன் குரலில் தொடங்கினாள். தேவையான இடத்திலும் தேவையில்லாத இடத்திலும் 'ஹூம்'. பெட்டிஃபர் திருத்தவில்லை, ரசித்துக்கொண்டிருந்தார். நோரீன் அவள் கையைப் பிடித்தாள்.

"மேவிஸ், வேலை போனது எனக்கு. நீ பேசறது எனக்கே புரியலடீ. நம்ம பேச்சுல பேசு."

மேவிஸ் தண்ணீர் குடித்தாள். பிறகு கேட்டது பொட்டலப் பகுதிக் குரல்.

"அன்னைக்கு எங்க மேற்பார்வையாளரம்மா பல்லு புடுங்கப் போயிட்டாங்க சார். பதிலுக்கு ஆள் போடல. இவ யாருகிட்ட அனுமதி கேக்கணும்? பிஸ்கட்டுகிட்டயா?"

அந்த 'யாருகிட்ட'வை 'ஹூம்' என்று சொல்லாமல் 'ஹூ' என்றுதான் சொன்னாள். பெட்டிஃபரின் உதடு குவிந்தது. விசாரணையை நடத்திய மேலாளர் கையை உயர்த்தினார்.

"இலக்கணம் இருக்கட்டும் பெட்டிஃபர். அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. யாரைப் போட்டிருந்தீங்க?"

"யாரையும் போடல சார்."

திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லி நோரீனை அனுப்பினார்கள். விதி மாறவில்லை. அதற்கு இன்னொரு சண்டை போடவேண்டியிருந்தது. ஆனால் அன்று மாடிப்படி பாதி இறங்கியதும் மேவிஸ் அப்படியே படியில் உட்கார்ந்தாள். நோரீன் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

"பசிக்குதுடீ" என்றாள் மேவிஸ்.

கேன்டீனில் வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் சூடாக இருந்தன. தன் தட்டைக் காலி செய்துவிட்டு, என் தட்டிலும் கை வைத்தாள்.