ட்ரெய்லருக்குள் பெய்த மழை

அந்தக் குளிர்காலம் முழுவதும் காலையில் நான் செய்த முதல் வேலை, போர்வையைச் சுவரிலிருந்து பிரித்தெடுப்பது. நித்திரையில் நாங்கள் விட்ட மூச்சு சுவரில் ஈரமாகப் படிந்து, உறைந்து, போர்வையின் ஓரத்தையும் பிடித்து வைத்திருக்கும். மெதுவாக இழுத்தால் சீலை கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். ஹீற்றர் சூடேறியதும் கூரையில் உறைந்திருந்தது உருகி எங்கள் முகத்தில் சொட்டும். வெளியே பனி, உள்ளே மழை. ஊருக்கு எழுதிய கடிதங்களில் ‘இங்கே வீட்டுக்குள் குளிரே தெரியாது’ என்று எழுதினேன். இங்கிருந்து எல்லோரும் அப்படித்தான் எழுதினோம்.

வீடு என்று நான் சொன்னது ஒரு பழைய ட்ரெய்லர். கோடையில் வெள்ளைக்காரர் காரின் பின்னால் கொளுவி ஏரிக்கரைக்கு இழுத்துப் போகிற சில்லு வைத்த வீடு. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் அதற்குள் உண்டு. ஆனால் குளிர்காலத்தில் மனிதர் சீவிப்பதற்கென்று அதை யாரும் செய்யவில்லை. சுவரின் தடிப்பு இரண்டு விரல்தான். நானும் மனைவி வசந்தியும் அங்கே போய்ச் சேரக் காரணம், கனடா வந்து ஸ்காபரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த நிலக்கீழ் பேஸ்மென்ற். மேல்மாடியில் இருந்த வீட்டுக்காரி எங்கள் ஆள்தான், எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். எங்களுக்குப் பத்து வருடம் முந்தி வந்தவர். வசந்தி மீன்குழம்பு வைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த அன்ரி படியில் நின்றபடி சொன்னார்.

“சமைக்கேக்கை யன்னலைத் திறந்து வையுங்கோ பிள்ளை. என்ரை பிள்ளையளின்ரை கோட்டெல்லாம் மணக்குதாம். ஸ்கூலிலை வெக்கமாக் கிடக்கெண்டு அழுதுகள்.”

சொல்லிவிட்டு அதே குழம்பில் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டும் போனார். தை மாதத்துக் குளிரில் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கோட்டுப் போட்டபடி நின்று வசந்தி சமைத்தாள். வெள்ளைக்காரன் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு சுட்டிருக்காது. இனி ஒருத்தருடைய காலுக்குக் கீழேயும் இருப்பதில்லை என்று முடிவெடுத்து ட்ரெய்லரை வாங்கினேன். ரோஷம் எனக்குச் சிறுவயதிலிருந்தே கொஞ்சம் கூட.

ரூஜ் ஆற்றுக்கு அப்பால் சோளம் போடுகிற வோல்ட்டர் என்ற கிழவர், தன் களஞ்சியத்துக்குப் பக்கத்தில் அதை நிறுத்த இடம் தந்து, கரண்ட் வயரும் இழுத்துத் தந்தார். ஒக்டோபரில் வேலை தொடங்கினேன். பக்டறி வேலை முடிந்து வந்து, பாண் வெட்டுகிற கத்தியால் இளஞ்சிவப்பு நுரைப்பலகைகளை அறுத்து, சுவரோடும் கூரையோடும் ஒட்டினேன். யன்னல்களுக்குப் பிளாஸ்ரிக் தாள். தண்ணீர்க் குழாய்க்குச் சூடேற்றும் வயர். அடியால் காற்றுப் புகாமலிருக்க, வோல்ட்டர் தந்த வைக்கோல் கட்டுகளைச் சுற்றிவர அடுக்கினேன். ஊரில் பங்கர் வெட்டி, மண்மூட்டை அடுக்கிப் பழகிய கை. ஓட்டை என்று ஒன்றைக் கண்டால் சும்மா இருக்காது. ஊசி போகிற இடைவெளியும் விடாமல் அடைத்தேன். வசந்தி தேநீர்க் கோப்பையோடு நின்று, “ஷெல் விழுந்தாலும் தாங்கும்” என்று சிரித்தாள். அவள் அங்கே சிரித்ததில் எனக்கு நன்றாக நினைவிருப்பது அதுதான்.

கட்டிலுக்குக் கீழே, சுவரோரமாக, எங்கள் வீட்டுக் காணி உறுதியை, காணி எங்களுடையது என்பதற்கான எழுத்தை, வைத்திருந்தேன். நான் கனடாவுக்கு வெளிக்கிட்ட அன்று ஐயா, என் தகப்பனார், அதைப் பொலித்தீனில் சுற்றி, துணியால் தைத்து என் கையில் தந்தார். “மற்றப் பிள்ளையள் எந்த நேரம் எங்கை ஓடுதுகளோ தெரியாது. நீதான் ஷெல் விழாத இடத்துக்குப் போறாய். இது உன்னட்டை இருக்கட்டும்” என்றார். அது ஏற்கனவே இரண்டு முறை அவருடைய இடுப்போடு கட்டுண்டு வயல்வெளியால் ஓடிய உறுதி. இங்கே வந்ததும் தையலைப் பிரித்து, பொலித்தீனைக் கழற்றி எறிந்துவிட்டு, புது மட்டைக் கோப்பொன்றில் வைத்தேன். கனடாவில் பொலித்தீன் எதற்கு என்று நினைத்தேன். பிறகு யாழ்ப்பாணமே வெறிச்சோடி, ஐயா வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாகக் கிடந்தார். உறுதியின் பிரதி இருந்த காணிக் கந்தோர் இருக்கிறதோ எரிந்ததோ ஒருவருக்கும் தெரியாது. எப்போதாவது வந்து சேரும் அவருடைய கடிதங்களெல்லாம் ஒரே கேள்வியோடு முடிந்தன: ‘உறுதி பத்திரமோ?’

டிசம்பரில் ஒருநாள் வோல்ட்டர் கதவைத் தட்டினார். வசந்தி புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். ஒரு அடுப்பில் புட்டு, மற்றதில் சோறு, மேலே கட்டிய கயிற்றில் காயப்போட்ட உடுப்பு. ட்ரெய்லர் முழுக்க ஆவி. கிழவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். அங்கே சின்னச் சதுரமாக ஒரு காற்றுத் துவாரம், மூடியோடு இருந்தது. சமைக்கும்போது அதைத் திறந்துவிடு, எவ்வளவு குளிரென்றாலும் திறந்துவிடு என்றார். ஓகே, தாங்க்யூ என்று சிரித்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். என் காது இரண்டும் எரிந்தன.

“இவருக்கும் மணக்குதாம்” என்றேன்.

“அந்தாள் நல்லதுக்குச் சொல்லியிருக்குமப்பா. ஆவி போகத்தானே வேணும்” என்றாள் வசந்தி.

“எனக்குத் தெரியும் உவையின்ரை நல்லது.”

அடுத்த நாள் அந்தத் துவாரத்துக்கு அளவாக நுரைப்பலகை வெட்டிச் செருகி, நான்கு பக்கமும் ரேப் ஒட்டினேன். உள்ளே பெய்த மழை அதன் பிறகு இன்னும் கூடியது. வசந்திக்கு இருமல் பிடித்தது. கனடாக் குளிர் பழக வேண்டும் என்று அவளுக்குப் புத்தி சொன்னேன்.

மார்ச்சில் நுரைப்பலகை ஒன்று தானாகக் கழன்று விழுந்தது. பின்னால் சுவர் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. கட்டிலைத் தூக்கினேன். மட்டைக் கோப்பு ஊறிப்போய் நிலத்தோடு ஒட்டிக் கிடந்தது. கத்தியால் வழித்து எடுத்தேன். கிழக்கு எல்லை ஒழுங்கை, தெற்கு கோயில் காணி, மேற்கு பங்குக் கிணறு என்று மூன்றும் வாசிக்கக்கூடியதாக இருந்தன. வடக்கு எல்லை இருந்த இடத்தில் மை கரைந்து, அதன் மேல் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

உறுதியைக் கையில் பிடித்தபடி வோல்ட்டரின் வீட்டுக்கு ஓடினேன். அவருடைய அடுப்பில் கோவா, அதுதான் முட்டைக்கோஸ், அவிந்துகொண்டிருந்தது. குளிர் அப்போதும் விடவில்லை. ஆனால் சமையலறை யன்னல் ஒரு விரல் அளவு திறந்திருந்தது. கிழவர் தன் கோவாவின் ஆவிக்கே யன்னல் திறக்கிறவர். தாளை வாங்கி, இரண்டு துவாய்க்கு நடுவில் வைத்து ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்தார். எங்காவது நிலத்துக்குள் புகுந்துவிடலாம் போலிருந்தது எனக்கு.

சித்திரையில் ஐயா வவுனியாவுக்கு வந்து, ஒரு கடையிலிருந்து ரெலிபோன் எடுத்தார்.

“தம்பி, இஞ்சை காணி பதிய ஒரு விண்ணப்பப் போம் நிரப்பினனான். எல்லையள் உறுதியிலை கிடக்கிற மாதிரித்தான் எழுதினனோ எண்டு பாக்கோணும். எடுத்து வாசி.”

கிழக்கு, தெற்கு, மேற்கு வாசித்தேன்.

“வடக்கு?”

வடக்கே எங்களோடு வேலிச் சண்டை பிடித்தவரை எனக்குத் தெரியும். ஆனால் உறுதியில் இருந்தது அவருக்கும் முந்தி அந்தக் காணியை வைத்திருந்த யாரோ ஒரு பெண்ணின் பெயர். ஐயாவுக்கு அது மனப்பாடம். ‘அழிஞ்சு போச்சு ஐயா, நீங்கள் சொல்லுங்கோ’ என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அந்த ஒரு வசனம் என் வாயில் வரவில்லை.

“எழுத்து வடிவாத் தெரியேல்லை ஐயா.”

“கண்ணாடியைப் போட்டு வாசி.”

“கண்ணாடியைக் காணேல்லை. தேடி எடுத்துக் கடிதத்திலை எழுதிவிடுறன்” என்றேன். அந்த நாளில் நான் கண்ணாடி போடுகிறவனே அல்ல.

“சரி, ஆறுதலா எழுது. உறுதி பத்திரந்தானே?”

“ஓம் ஐயா.”

அந்தக் கடிதத்தை இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். ஆவணியில் ஐயா வவுனியாவிலேயே காலமானார். உறுதி கனடாவில் பத்திரமாக இருக்கிறது என்று, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாராம்.

இப்போது ஸ்காபரோவில் பதினோராம் மாடியில் இருக்கிறோம். வசந்தி சமைக்கும்போது, ஒருவரும் சொல்லாமலே யன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைக்கிறேன். அது வடக்குப் பார்த்த யன்னல். முகத்தில் அறைகிற காற்று அதன் வழியாகத்தான் வரும். பக்கத்து மேசை லாச்சியில் உறுதி இருக்கிறது, மறுபடியும் பொலித்தீனில் சுற்றியபடி. கிழக்கிலும் தெற்கிலும் மேற்கிலும் எங்கள் காணிக்கு எல்லை உண்டு. வடக்கே எதுவரைக்கும் எங்களுடையது என்று சொல்ல இனி ஒருவரும் இல்லை.