மாமா கொண்டுவந்த புண்ணாக்கு

பஞ்சு மில்லில் மூட்டை தூக்கி இடுப்பைக் கெடுத்துக்கொண்ட மாமா, செட்டியார்பட்டி வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் படுத்தே கிடந்தார். அத்தைதான் கோழி வளர்த்து, முட்டை விற்று, அடுப்பெரிய வைத்தாள். அவள் சோற்றுத் தட்டை நீட்டினால் மாமா முகத்தைப் பார்க்காமல்தான் வாங்குவார்.

பிறகு ராஜபாளையத்தில் ஒரு கடலை எண்ணெய் மில்லில் அவருக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. நான் முழுப்பரீட்சை லீவுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒருநாள் கோடை மழையோடு சைக்கிள் கேரியரில் ஒரு சாக்கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். எண்ணெய் எடுத்தபின் மிஞ்சிய கடலைப் புண்ணாக்கு. ஈரம் பட்டுவிட்டதால் மில்லில் சும்மா கொடுத்தார்களாம்.

“ஏட்டி, இங்க வா! ஒங் கோழிக்கு இனிமே நாந்தான் தீனி!”

மாமா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அத்தை அதை இடித்துத் தவிட்டோடு பிசைந்து வைத்தாள். குஞ்சுகள் போட்டி போட்டுக்கொண்டு தின்றன. சில நாளில் இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் ஒடுங்கின. பிறகு ஒருநாள் காலையிலிருந்து வரிசையாகச் சாக ஆரம்பித்தன. அத்தை சாக்கைக் கவிழ்த்து ஒரு கட்டியை உடைத்தாள். உள்ளே பச்சையாகப் பூசணம். மோந்து பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“இதத் தின்னுதாம்லா செத்திருக்கு” என்றாள் என்னிடம். மிச்சத்தைக் கொல்லையில் குழிதோண்டிப் புதைத்தாள்.

சாயங்காலம் மாமா கூண்டைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

“என்னட்டி ஆச்சு? தீனில ஏதும்...”

“தீனிய என்ன சொல்லுதிய? ஊரெல்லாம் கோழிச் சீக்கு, நமக்கும் வந்துருச்சு. நீங்க கொண்டாந்தத அம்புட்டு ஆசையாத் தின்னுச்சுக. அடுத்த தடவ காஞ்சதாக் கொண்டாங்க, இடிக்க லேசா இருக்கும்.”

நான் வாயைத் திறந்தேன். அத்தை என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

மாமா நன்றாகக் காய்ந்த புண்ணாக்காகப் பார்த்துக் கொண்டுவந்தார். அத்தை ஒவ்வொரு கட்டியையும் உடைத்து மோந்து பார்த்த பிறகே உரலில் போட்டாள். தப்பிய குஞ்சுகள் தேறின. மாமா தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் தன் புண்ணாக்கின் மகிமையைச் சொன்னார். அத்தை அடுப்படியிலிருந்தே ஆமாம் போட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில், அத்தை பொய் சொன்னதை, என்னைக் கூட்டிப்போக வந்திருந்த அம்மாவிடம் ஒன்றுவிடாமல் போட்டுக்கொடுத்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். செத்த குஞ்சுகளுக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து, கூண்டில் இன்னும் நிறைய இருக்கிறது என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.