ஹருயோவின் சூரைத் தூண்டில்

ஒதாவாரா ஊரில் பள்ளிக்கூடங்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்பும் பெரிய சமையற்கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே குழம்பு அண்டாவுக்கு நிற்பவள் ஹருயோ கஷிவாகி. ஆள் குள்ளம். அண்டாவுக்கு முன்னால் ஒரு பலகையைப் போட்டு ஏறி நின்றுதான் கிண்டுவாள். படகுத் துடுப்பு அளவுக்கு இருக்கும் அந்த மரக்கரண்டியைக் கையின் பலத்தில் சுழற்றப் பார்க்கிறவர்கள் ஒரே வாரத்தில் தோள்பட்டை போயிற்று என்று லீவு போட்டுவிடுவார்கள். ஹருயோ கையை அதிகம் அசைக்கவே மாட்டாள். காலை அகட்டி ஊன்றி இடுப்பைத் திருப்புவாள். கரண்டி தானாகப் போய் அடியைத் தொட்டு வரும். இருபது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் கிண்டிக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்குக் கஷ்டமான மாதம் ஆகஸ்ட். பள்ளிக்கூடம் மூடிவிடும், அண்டா கவிழ்ந்து கிடக்கும், கை சும்மா இருக்காது. ஒரு கோடையில் ஹவாய் நடனம் கற்றுக்கொள்ளப் போனாள். இன்னொரு கோடையில் பால்கனி முழுக்கப் பாகற்கொடி விட்டு, காய்த்ததையெல்லாம் அக்கம்பக்கத்து வீடுகளில் கொடுத்துக்கொடுத்து, கடைசியில் அவள் மணியடித்தால் கதவைத் திறக்கவே ஆள் இல்லை என்ற நிலை வந்தது.

அவள் புருஷன் தொகுஜி டவுன் பஸ் ஓட்டுகிறவர். அவருக்கு ஆகஸ்ட் என்றால் சூரை. சகாமி வளைகுடாவுக்கு அந்த மாதத்தில்தான் மஞ்சள் துடுப்புச் சூரை கூட்டம் கூட்டமாக வரும். லீவு கிடைத்த நாளெல்லாம், பலர் காசு போட்டுச் சேர்ந்து போகும் பங்குப் படகில் இடம் பிடித்துக் கடலுக்குப் போய்விடுவார். ஏழெட்டுக் கோடையாகப் போகிறார். வீட்டுக்கு இதுவரை ஒரு சூரையும் வந்ததில்லை. வருவதெல்லாம் ஒரே கதைதான்: கடித்தது, இழுத்தது, தூண்டில் நரம்பு அறுந்துவிட்டது. முதல் இரண்டு வருஷம் எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். அப்புறம் அது வீட்டில் ஒரு கேலிப் பேச்சாகிவிட்டது. மகள் ரயிலைத் தவறவிட்டால்கூட, "கடிச்சுது, இழுத்தது, அறுந்துடுச்சு" என்பாள். தொகுஜியும் கூடச் சிரிப்பார். ஆனால் காது மடல் சிவந்துவிடும். ஹருயோ அதைக் கவனித்திருக்கிறாள். கவனித்தும் அவளே பலமுறை கேலி செய்திருக்கிறாள்.

அந்த வருஷம் தொகுஜியோடு வரவேண்டிய சிநேகிதருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. படகில் ஓர் இடம் காலி. ராத்திரிச் சாப்பாட்டில் அவர் அதைச் சொல்லி வருத்தப்பட்டபோது, ஹருயோ குளிர்ந்த நூடுல்ஸைச் சாற்றில் தோய்த்துக்கொண்டே, "நான் வர்றேன்" என்றாள்.

தொகுஜி சிரித்தார். பிள்ளை பிறந்ததிலிருந்து அவர்கள் ஒருவரையொருவர் அப்பா, அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொள்வது.

"அம்மா, அது பாகற்காய் இல்ல. முப்பது கிலோ மீனு. உன்னையே கடலுக்குள்ள இழுத்துட்டுப் போயிடும்."

"போனா நீங்க சும்மாவா இருப்பீங்க? என்னைத் தூண்டில் போட்டுப் பிடிச்சிடுங்க" என்றாள் அவள். பிறகு கொஞ்சம் யோசித்து, "வேண்டாம், அறுந்துடும்" என்றாள்.

தன்னுடைய பழைய தூண்டில்களில் ஒன்றைத் தருவதாக அவர் சொன்னார். ஹருயோ ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய சாமான்களின் யோக்கியதை அவளுக்குத் தெரியும். எல்லாமே சூரையைத் தப்பவிட்டுப் பழகியவை. மறுநாள் அவர் பஸ் ஓட்டப் போனதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருக்கும் தூண்டில் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் குராமொச்சி நல்ல மனிதர்தான். ஆனால் அவளைப் பார்த்ததும் வாசல் பக்கம் இருந்த சின்னச் சின்ன ரோஸ் நிறக் கம்புகளைக் காட்டினார். கரையில் நின்று கெளுத்தி அளவு மீன் பிடிப்பதற்கு அவை போதும். சூரை என்றதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாருக்கு என்று கேட்டார். எனக்குத்தான் என்றதும் இன்னொரு முறை துடைத்தார்.

குராமொச்சியிடம் ஒரு பழக்கம் உண்டு. பெரிய மீனுக்குக் கம்பு வாங்க வருகிறவர்களைச் சும்மா ஆட்டிப் பார்க்க விடமாட்டார். கடையின் பின்பக்கத் தூணில் ஒரு தராசை மாட்டி வைத்திருக்கிறார். கம்பில் நூலைக் கோத்து, நூல் நுனியைத் தராசுக் கொக்கியில் கட்டி, இழுங்கள் என்பார். முள் நகரும். முகத்தைப் பார்த்தே எந்தக் கம்பு ஒத்துவரும் என்று சொல்லிவிடுவார்.

முதலில் நீளமான ஒரு கம்பைக் கொடுத்தார். அழகான நீலம், நுனி நாணல்போல வளைந்தது. ஹருயோ இழுத்தாள். கம்பு வளைய வளைய, பாரமெல்லாம் அவள் மணிக்கட்டுக்கு வந்து சேர்ந்தது. இது என்னைத்தான் பிடிக்கும், மீனைப் பிடிக்காது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவது விறைப்பானது. அது வளையவே இல்லை, அவள்தான் வளைந்தாள். மூன்றாவது, அலமாரி ஓரத்தில் போன வருஷத்திலிருந்து விற்காமல் கிடந்த ஒரு குட்டைக் கம்பு. பழுப்பு நிறம். நீளம் அவள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அடிக்கட்டையை, குராமொச்சி கட்டிவிட்ட வயிற்றுப் பட்டையில் ஊன்றி, காலை அகட்டி, இடுப்பைப் பின்னால் தள்ளி உட்காருவதுபோல் இழுத்தாள். தராசு முள் ஏறியது. நின்றது. ஹருயோ அப்படியே நின்றுகொண்டு, பேச்சுக்கு, உங்கள் மகளுக்குப் பிரசவம் எப்போது என்று விசாரித்தாள்.

குராமொச்சி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அக்டோபரில் என்றார்.

ரீல் விஷயத்தில்தான் இருவருக்கும் ஒத்துவரவில்லை. இந்தக் காலத்தில் எல்லோரும் கரண்டில் ஓடும் ரீல்தான் வாங்குகிறார்கள், பொத்தானை அழுத்தினால் அதுவே சுற்றிக்கொள்ளும், உங்கள் வீட்டுக்காரரிடமும் அதுதான் இருக்கிறது என்று அவர் சொன்னார். கடைசியாகச் சொன்ன காரணம் ஹருயோவுக்குப் பிடிக்கவில்லை.

"எங்க கிச்சன்ல மோட்டார் வச்ச அண்டா ஒண்ணு வாங்கினாங்க. அது பாட்டுக்குச் சுத்திச்சு. அடி பிடிச்சது யாருக்குமே தெரியல. கையால கிண்டினாத்தான் தெரியும். எனக்குக் கைல சுத்துறதே கொடுங்க."

அவர் கைரீல்களில் பெரியதை எடுத்து வைத்தார். கைப்பிடிக் குமிழ் மட்டும் அவள் உள்ளங்கைக்குச் சின்னதாக இருந்தது. அதைக் கழற்றிவிட்டுக் கோழிமுட்டை அளவில் ஒரு மரக்குமிழைப் பொருத்திக் கொடுத்தார்.

கடைசியில் நரம்பு. ரீலில் சுற்றுகிற பின்னல் நூலில் பிரச்சினை ஒன்றும் இல்லை. அதன் நுனியில், தூண்டில் முள்ளுக்கு முன்னால் கட்டுகிற கண்ணாடி நரம்பில்தான் எல்லாம் இருக்கிறது. மெல்லிய நரம்பு என்றால் மீன் கண்ணுக்குத் தெரியாது, இரை தண்ணீரில் இயல்பாக மிதக்கும், அடிக்கடி கடிக்கும், ஆனால் அறுந்துவிடும். தடித்த நரம்பு அறாது. ஆனால் சூரைக்குக் கண் நன்றாகத் தெரியும், பார்த்துவிட்டு ஒதுங்கிப் போய்விடும். தொகுஜி எதைக் கட்டுவார் என்று ஹருயோ கேட்டாள். குராமொச்சி கொஞ்சம் தயங்கிவிட்டு, கடையில் இருப்பதிலேயே மெல்லியதை என்றார். ஹருயோ இருப்பதிலேயே தடித்ததைக் கேட்டாள். முள்ளும் அதற்கேற்றபடி கட்டைமுள். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு கடிகூட இல்லாமல் போகலாம், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது என்று அவர் எச்சரித்தார்.

அன்று மாலை அந்த நரம்பைப் பார்த்த தொகுஜிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இதுல துணிதான் காயப்போடலாம்" என்றார்.

"கடிக்கிற மீனு எனக்கு வேண்டாம்பா. வீட்டுக்கு வர்ற மீனுதான் வேணும்."

படகு விடிகாலையில் கிளம்பியது. கேப்டன் இசோபே மைக் இல்லாமல் பேசத் தெரியாத மனிதர். பக்கத்தில் நிற்பவரிடம் காபி கேட்பதாக இருந்தாலும் ஒலிபெருக்கியில்தான் கேட்பார். சூரைக் கூட்டம் எங்கே இருக்கிறது என்று கருவியில் பார்த்து, அதற்கு முன்னால் போய்ப் படகை நிறுத்தி, "நாப்பது மீட்டர், போடுங்க" என்பார். உடனே எல்லோரும் சென்னாக்கூனி அடைத்த இரைக்கூட்டை இறக்க வேண்டும். அந்த ஆழம் வந்ததும் கம்பை உலுக்க வேண்டும். கூனி தண்ணீரில் சிதறும், அதற்கு நடுவில் முள்ளில் குத்திய கூனியும் ஒன்றாக மிதக்கும். சூரை வந்தால் வரும். கொஞ்ச நேரத்தில், "போயிடுச்சு, தூக்குங்க" என்று குரல் வரும். படகு மறுபடி ஓடும். காலை முழுக்க இதேதான்: போடுங்க, தூக்குங்க. ஹருயோவுக்கு இது பிடித்திருந்தது. சமையற்கூடத்திலும் இப்படித்தான், சொன்ன நிமிஷத்தில் கை வேலை செய்ய வேண்டும்.

அவளுக்கு ஒரு கடியும் இல்லை. தொகுஜி பக்கத்தில் நின்று, "துணி காஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறிய பிறகு தொகுஜியின் கம்பு வளைந்தது. கரண்டு ரீல் ஊளையிட்டது. அவர் முகமே வேறாகிவிட்டது. இந்த முகத்தை ஹருயோ பார்த்தது ரொம்ப வருஷத்துக்கு முன்னால், மகள் பிறந்த ஆஸ்பத்திரியில். நூல் போய்க்கொண்டே இருந்தது. பிறகு கம்பு நிமிர்ந்துவிட்டது. அவர் நூலை மெதுவாகச் சுற்றி மேலே கொண்டுவந்தார். முள்ளைக் காணோம். நரம்பு பாதியில் அறுந்திருந்தது. படகிலிருந்த மற்றவர்கள் தங்கள் இரைக்கூட்டைக் கழுவுவதில் மும்முரமானார்கள்.

கேலி செய்ய ஹருயோவுக்கு வாய் வரவில்லை. இதைத்தான் இவர் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுத் தூக்குச்சட்டியிலிருந்து ஒரு சோற்று உருண்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் அதைச் சாப்பிட்டுவிட்டு, மறுபடியும் அதே மெல்லிய நரம்பில், வழக்கமாகக் கோக்கும் பச்சை மணியைக் கோத்து அடுத்த முள்ளைக் கட்டினார்.

படகு அதே கூட்டத்தின் பின்னால் போய் இன்னும் இரண்டு மூன்று முறை நின்றது. அப்படி ஒரு முறை ஹருயோ கம்பை உலுக்கிவிட்டுக் காத்திருக்கையில், அடியில் எதிலோ மாட்டிக்கொண்டதுபோல் கம்பு கனத்தது. அடுத்த நொடி ரீலின் பிரேக்கைக் கிழித்துக்கொண்டு நூல் ஓடியது.

"அக்காவுக்கு மாட்டிடுச்சு, எல்லாரும் தூக்குங்க" என்று ஒலிபெருக்கி சொன்னது. மளமளவென்று நூல்கள் மேலே வந்தன. தொகுஜி தன் தூண்டிலைப் போட்ட இடத்திலேயே விட்டுவிட்டு ஓடிவந்து, கம்பைத் தூக்கு, இல்லை இறக்கு, விடு, சுற்று என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார்.

"அப்பா, ஒண்ணும் சொல்லாம என் பெல்ட்டைப் பிடிச்சுக்குங்க" என்றாள் ஹருயோ.

அவர் பிடித்துக்கொண்டார். அவள் காலை அகட்டி, அடிக்கட்டையை வயிற்றுப் பட்டையில் ஊன்றி, உட்காருவதுபோல் பின்னால் சாய்ந்தாள். மீன் இழுத்தபோது விட்டாள். அது மூச்சு வாங்க நின்றபோது மரக்குமிழைச் சுற்றினாள். கைவழியாக எல்லாம் தெரிந்தது: அது தலையை ஆட்டுவது, திரும்புவது, களைத்துப்போய்ச் சாய்வது. ஒருமுறை படகின் முன்பக்கம் சுற்றிக்கொண்டு போய், அங்கே ஒருவர் தூக்க மறந்த நூலோடு பின்னிக்கொண்டது. நூல்கள் இப்படிச் சிக்கிக்கொண்டால் படகுக்காரர்கள் திருவிழா என்பார்கள். "முன்னால திருவிழா" என்று அறிவித்துக்கொண்டே இசோபே ஓடிப்போய் அந்த ஆளின் நூலை வெட்டிவிட்டார். அந்த ஆளும் குறை சொல்லவில்லை; அவரும் வேடிக்கை பார்க்க வந்து நின்றுவிட்டார். ஹருயோ காலை இன்னும் அகட்டி ஊன்றிக்கொண்டாள். நரம்பு அறவில்லை.

ஆழத்தில் ஒரு வெளிச்சம் புரண்டது. வட்டம் போட்டுக்கொண்டே மேலே வந்தது. இசோபே கொக்கியைப் போட்டு இழுக்க, தொகுஜியும் சேர்ந்து இழுக்க, மீன் தளத்தில் விழுந்தது. முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். மஞ்சள் துடுப்புகள் வெயிலில் மின்னின. ஹருயோ அதன் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

முள்ளை எடுக்கக் குனிந்த இசோபே நிமிரவில்லை. வாய் ஓரத்தில் ஹருயோவின் கட்டைமுள் இருந்தது. மேலுதட்டில் இன்னொரு முள் இருந்தது. அதிலிருந்து முழ நீளத்துக்கு மெல்லிய நரம்பு தொங்கியது. முள்ளுக்கு மேலே ஒரு பச்சை மணி. படகிலேயே பச்சை மணி கோக்கிறவர் ஒருவர்தான்.

இசோபே மைக்கை எடுத்து, கஷிவாகி ஐயாவின் மீன் கஷிவாகி அம்மாவிடமே வந்துவிட்டது என்று கடல் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவர், இது யார் மீன் என்று கேட்டார். கொண்டுவந்து சேர்த்தவருக்குத்தான் என்றார் இசோபே.

தொகுஜி மீனின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். இடுக்கியால் தன் முள்ளைக் கழற்றி, கடல் நீரில் அலசி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹருயோவுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. வருத்தமோ என்று கேட்டாள்.

"வருத்தமா? அம்மா, இதைப் பாரு. கடிச்சுது. இழுத்தது. அறுந்துடுச்சு. நான் பொய் சொல்லல, பாத்தியா?"

அவர் கண் கலங்கியிருந்தது. வாய் சிரித்துக்கொண்டிருந்தது. ஹருயோ எழுந்து நின்று, மீன் ரத்தமும் கூனியும் அப்பிய கையோடு அவருக்கு முன்னால் குனிந்து, "நம்பாம இருந்ததுக்கு மன்னிச்சுக்குங்க" என்றாள். படகில் அத்தனை பேருக்கு முன்னால் அவள் அப்படிக் குனிந்ததில் அவர் கூச்சப்பட்டு, தன் இரைக்கூட்டைத் தேடப் போய்விட்டார்.

மீனை வீட்டில் துண்டு போட ஹருயோவே போதும். அடிவயிற்றுக் கொழுப்புப் பகுதி குராமொச்சி வீட்டுக்கும், பாகற்காய்க்குப் பயந்து கதவைத் திறக்காதவர்கள் வீடுகளுக்கும் போனது; இந்த முறை மணியடித்ததும் திறந்தார்கள். மீதியைச் சோயா சாற்றில் ஊறவைத்து, சமையற்கூடத்துப் பெண்களைக் கூப்பிட்டுச் சூடான சோற்றின் மேல் பரத்திப் போட்டாள். மீன் கதையை அவள் சொல்லவில்லை. தொகுஜி சொன்னார். ஒவ்வொரு முறையும் அவருடைய கடியிலிருந்துதான் கதை தொடங்கும். அந்தப் பகுதி கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போய், ஹருயோவின் பங்கு கடைசியில் இரண்டு வாக்கியமாகிவிட்டது. அவள் திருத்தவில்லை. சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள்.

அடுத்த கோடையில் தொகுஜி அவளைத் தன்னோடு குராமொச்சி கடைக்கு அழைத்துப் போனார். அவள் சொன்ன நரம்பைத்தான் வாங்கினார். அதோடு, எதற்கென்று குராமொச்சிக்கே விளங்காத ஒரு மினுமினுப்புப் பொம்மை மீனையும் வாங்கினார். ஆகஸ்ட் முழுக்க இருவருக்கும் ஒரு கடியும் இல்லை. அதற்கெல்லாம் காரணம் அவளுடைய துணிக்கொடிதான் என்று அவர் தினமும் சொன்னார். செப்டம்பரில், பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒருநாள், ஹருயோ அண்டா முன் நிற்கையில் போன் அடித்தது. தொகுஜியின் குரலுக்குப் பின்னால் இசோபேயின் ஒலிபெருக்கி எதையோ அறிவித்துக்கொண்டிருந்தது. இரண்டில் எதுவும் புரியவில்லை. ஹருயோ போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கரண்டியை நிறுத்தாமல், "சரி சரி, முதல்ல ஐஸ்ல போடுங்க" என்றாள்.