வெள்ளிக்கிழமை நல்லாத்தான் ஓடிச்சு

பலாங்கொடையில் தோட்டத்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் அந்தத் தமிழ்ப் பாடசாலையின் வாசலில் இறங்கலாம். ஜீவராணி அங்கே ஒன்பது வருடமாகக் கணினி படிப்பிக்கிறாள். பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா இன்னும் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள்.

பாடசாலையில் கணினி தெரிந்த ஒரே ஆள் ஜீவராணிதான். அதிபரின் கைப்பேசியில் ஒரு படம் திறக்காவிட்டாலும், பிரிண்டர் கடதாசியை விழுங்கிக்கொண்டாலும், கோயில் நோட்டீசில் தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தாலும் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். அவளும் தெரியாது என்று யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. "வச்சிட்டுப் போங்க, பாக்குறேன்" என்பாள். பஸ்ஸில் போகும்போது கைப்பேசியில் தேடிப் படித்துவிட்டு மறுநாள் சரிசெய்து கொடுப்பாள். டீச்சருக்குத் தெரியாத ஒன்றே இல்லை என்று தோட்டத்தில் பேச்சு. அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது.

கணினி அறையில் பன்னிரண்டு பழைய கணினிகள். ஒரு காலத்தில் எல்லாவற்றிலும் திருட்டு விண்டோஸ் இருந்து, வைரஸ் பிடித்து, மாதத்தில் பாதி நாள் படுத்துக் கிடக்கும். ஜீவராணிதான் எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸ் போட்டாள். அதன்பிறகு கரைச்சல் இல்லை. ஒரே ஒரு சிக்கல் மிஞ்சியது. பதினோராம் தரப் பிள்ளைகள் தரவுத்தளம் செய்து பழகும் மென்பொருள் விண்டோசில் மட்டுமே ஓடும். அதற்காக அவள் ஒரு கணினியில் மட்டும், லினக்ஸுக்கு உள்ளேயே ஒரு விண்டோஸ் கணினி இருப்பதுபோல் நடத்திக்காட்டும் மென்பொருளை நிறுவினாள். மெய்நிகர் கணினி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். உள்ளே பார்த்தால் முழு விண்டோஸ். வெளியே பார்த்தால் ஒரே ஒரு பெரிய கோப்பு. பதினான்கு பிள்ளைகளும் முறைவைத்து அதில் உட்கார்ந்து, ஆளுக்கொரு செயற்றிட்டம் செய்து அதற்குள்ளேயே சேமித்து வைத்திருந்தார்கள்.

அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தி சுமித்ரா. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளின் பெயர், வயது, தடுப்பூசித் திகதி எல்லாவற்றையும் சேர்த்து, யாருக்கு எப்போது ஊசி என்று தேடிப் பார்க்கும்படி செய்திருந்தாள். வகுப்பிலேயே நல்ல வேலை அதுதான். அவளுடைய தாய் வெள்ளையம்மா பாடசாலையில் கூட்டித் துடைக்கும் வேலை செய்தாள். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கொடுக்கும் தற்காலிக வேலை.

போன வருடம் ஐப்பசியில் பழைய மாணவர் ஒருவர் பாடசாலைக்கு ஒரு புதுக் கணினி வாங்கிக் கொடுத்தார். அடுத்த வியாழக்கிழமை வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி செயற்றிட்டங்களைப் பார்க்க வருவதாக இருந்தது. புதுக் கணினியில் காட்டினால் மதிப்பாக இருக்கும் என்று ஜீவராணி நினைத்தாள். வெள்ளிக்கிழமை அதில் லினக்ஸ் போட்டு, பெரிய கோப்பைப் பிரதி எடுத்து, மெய்நிகர் கணினி மென்பொருளையும் நிறுவத் தொடங்கினாள். நடுவில் திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ எழுதி, கடைசியில் ஒரு கடவுச்சொல் கேட்டது. அந்த நேரம் பார்த்து கீழே பஸ் ஹோர்ன் அடித்தது. அதைத் தவறவிட்டால் அடுத்த பஸ் நாலரைக்குத்தான். அவள் எதையும் வாசிக்காமல் ஒன்றிலிருந்து எட்டுவரை இரண்டு தடவை தட்டினாள். பிழை எதுவும் காட்டாமல் நிறுவல் முடிந்தது. கணினியை நிறுத்திவிட்டு ஓடினாள்.

உள்ளே விண்டோஸ் திறக்கிறதா என்று ஒரு தடவைகூட அவள் பார்க்கவில்லை. ஆரம்பப் பிரிவுக்குக் கொடுப்பதற்காகப் மெய்நிகர் கணினி இருந்த பழைய கணினியை மத்தியானமே சுத்தமாக அழித்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல வெள்ளையம்மா அறையைத் திறந்து கூட்டி, எல்லாக் கணினிகளையும் போட்டு வைத்தாள். பழைய கணினிகள் எழும்ப நேரமாகும் என்று ஜீவராணியே அவளை அப்படிப் பழக்கியிருந்தாள். எட்டு மணிக்கு ஜீவராணி பிள்ளைகளோடு வந்து மெய்நிகர் கணினியைத் திறந்தாள். சிவப்புக் குறியோடு ஒரு சின்னப் பெட்டி வந்தது. அதை ஓட்டும் 'டிரைவர்' என்ற நிரல் இல்லை என்றது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே பெட்டி. பின்னால் பதினான்கு பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வாசலில் துடைப்பத்தோடு நின்ற வெள்ளையம்மா, "டீச்சர், காலையில போட்டப்ப அதுல ஒரு நீலக் கலர் வந்துச்சு. பத்து, ஒம்போது, எட்டுன்னு நம்பர் எறங்குச்சு. அப்பறம் அதுவா போயிருச்சு" என்றாள்.

"நீங்க என்னத்த தொட்டீங்க?"

"ஒண்ணும் தொடலிங்க டீச்சர். பயந்து தள்ளி நின்னுக்கிட்டேன்."

"தொடாம எப்பிடி வரும்? இத்தன நாள் வராதது இன்னைக்கி மட்டும் ஏன் வருது?"

சத்தம் கேட்டு அதிபர் பஞ்சலிங்கம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. "என்ன டீச்சர், என்ன நடந்தது?" என்றார்.

அந்த இடத்தில் ஜீவராணி, "வெள்ளிக்கிழமை நல்லாத்தான் ஓடிச்சு சார். நான் பாத்துட்டுத்தான் போனேன்" என்றாள்.

அது பொய். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் தானாக வந்தது. ஆனால் வந்தபிறகு அவள் அதைத் திரும்ப எடுக்கவில்லை. அதிபர் வெள்ளையம்மாவைப் பார்த்தார். வெள்ளையம்மா சுமித்ராவைப் பார்த்தாள். சுமித்ரா குனிந்துகொண்டாள்.

"திறப்பை இஞ்ச தாங்கோ. இனி இந்த அறைக்குள்ள நீங்கள் வரவேண்டாம்" என்றார் அதிபர். வெள்ளையம்மா சேலைத் தலைப்பில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அவளுக்கு வெளி வாசலும் மலசலகூடமும்தான் வேலை. பதினான்கு பிள்ளைகளின் செயற்றிட்டத்தையும் வெள்ளையம்மா கெடுத்துவிட்டாள் என்று மாலைக்குள் தோட்டத்து லய வீடுகள் முழுக்கத் தெரிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் ஜீவராணி அந்தக் கணினியோடு மல்லுக்கட்டினாள். மென்பொருளை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். மூன்று தடவை. பலாங்கொடையில் கணினி கடை வைத்திருக்கும் பையனை அழைத்தாள். "ரீஸ்டார்ட் கரலா பலன்ன, மிஸ்" என்று, மறுபடி போட்டுப் பார்க்கும்படி சிங்களத்தில் சொன்னான் அவன். அதை அவள் எத்தனையோ தடவை செய்திருந்தாள்.

புதன்கிழமை இடைவேளையில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அங்கேதான் கைப்பேசிக்கு நன்றாக சிக்னல் கிடைக்கும். எந்த நாட்டிலேயோ யாரோ இதே பிழையைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். பதில் சொன்னவர் பொறுமையாக எழுதியிருந்தார். புதுக் கணினிகளில் ஒரு காவல் உண்டு. கையொப்பம் இல்லாத டிரைவரை அது ஏற்றாது. அதனால் நிறுவும்போது லினக்ஸ் ஒரு கையொப்பத்தை உண்டாக்கி, உங்களிடம் ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த தடவை கணினியைப் போடும்போது ஒரு நீலத் திரை வரும். பத்து வினாடி எண்ணும். அதற்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தி, அந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்து, கையொப்பத்தை ஏற்றுக்கொள்ளச் செய்யவேண்டும். பேசாமல் விட்டால் திரை போய்விடும்; டிரைவர் ஓடாது.

ஜீவராணி அதை இரண்டாவது தடவை வாசித்தாள். நீலக் கலர், பத்து, ஒம்போது, எட்டு. இங்கிலீசு வாசிக்கத் தெரியாத வெள்ளையம்மா ஒரு சொல் பிசகாமல் சொல்லியிருந்தாள். தொடவில்லை என்று சொன்னதும் உண்மை. திரையில் என்ன வரும் என்று வெள்ளிக்கிழமையே அந்தப் பெட்டி எழுதிக் காட்டியிருந்தது. அதை வாசிக்காமல் விட்டது தான்தான்.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கையொப்பத்தைத் திரும்பப் பதிவுசெய்யும் கட்டளையைத் தட்டி, புதுக் கடவுச்சொல் கொடுத்து, கணினியை மறுபடி போட்டாள். நீலத் திரை வந்தது. விசையை அழுத்தினாள். கேட்ட கேள்விக்கெல்லாம் வாசித்து வாசித்துப் பதில் கொடுத்தாள். லினக்ஸ் எழும்பியது. உள்ளே விண்டோஸ் திறந்தது. பதினான்கு கோப்புகளும் பத்திரமாக இருந்தன. எதற்கும் எதுவும் ஆகியிருக்கவில்லை. கால் மணி நேர வேலை.

அவள் வெளியே வந்து, "சரியாயிருச்சு" என்று மட்டும் சொன்னாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். முற்றத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த வெள்ளையம்மாவும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கும்பிடுவதுபோல் கையைத் தூக்கினாள். ஜீவராணி வேறுபக்கம் திரும்பிக்கொண்டாள். அதிகாரி வந்து போகட்டும், பிறகு சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக உட்கார்ந்து காட்டினார்கள். சுமித்ராவின் முறை வந்தபோது அவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டார். அதிபருக்குப் பெருமை தாங்கவில்லை.

"எங்கட டீச்சர் இல்லாட்டி இண்டைக்கு உங்களுக்குக் காட்ட ஒண்டும் இல்லை சேர். கூட்டுற மனிசி ஒருத்தி கைவச்சுப் பழுதாக்கிப் போட்டா. இவ மூண்டு நாள் மினக்கெட்டு தனிய நிண்டு சரிசெய்தவ."

மவுசின் மேல் இருந்த சுமித்ராவின் கை அப்படியே நின்றது. அதிகாரி ஜீவராணியைப் பார்த்துத் தலையாட்டி, "வெரி குட்" என்றார். ஜீவராணி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும். பொய் சொன்னது ஒரு பதற்றத்தில். இந்தச் சிரிப்புக்கு அப்படி ஒரு சாக்கும் இல்லை.

அன்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஷிப்னா டீச்சர் என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தாள். ஜீவராணிக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக அதிபரின் அறைக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள். போன வெள்ளிக்கிழமை ஓடிச்சு என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னாள். பஞ்சலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அதிகாரிக்கு முன்னால நான் சொல்லிப் போட்டன் டீச்சர். இப்ப ஏன் இதைக் கிண்டுறீங்கள்? திறப்பைத் திருப்பிக் குடுத்து விடுங்கோ. காரணம் ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

அவர் மேசை லாச்சியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். நல்ல வழிபோலத்தான் தெரிந்தது. வராந்தாவில் நடக்கும்போது அவள் அதற்கு ஏறக்குறைய சம்மதித்தும்விட்டாள்.

வெள்ளையம்மா மலசலகூடத்துக்குப் பக்கத்துக் குழாயில் வாளி கழுவிக்கொண்டிருந்தாள். சாவியைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினாள்.

"ரொம்ப புண்ணியம் டீச்சர். சாமி சத்தியமா இனி கிட்டக்கூட போகமாட்டேன். கூட்டிட்டு வந்துருவேன். நீங்களே வந்து போட்டுக்குங்க."

ஜீவராணி குழாயடித் திட்டில் உட்கார்ந்தாள்.

"நீங்க ஒண்ணும் செய்யல அக்கா. தப்பு என்னோடது."

முழுவதையும் சொன்னாள். கையொப்பம், காவல் எல்லாம் வெள்ளையம்மாவுக்குப் புரிந்ததோ என்னவோ, வாசிக்காமல் விட்டது யார், பொய் சொன்னது யார் என்பது புரிந்தது. குழாயை மூடினாள்.

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"புதன்கிழம."

"இன்னைக்கி வெள்ளிக்கிழம டீச்சர்."

வெள்ளையம்மா சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"நாலு நாளா எங்க புள்ள எங்கூட மொகங்குடுத்துப் பேசல. 'ஏம்மா அதப் போய் தொட்ட'ன்னு ஒரே கேள்வி. தொடலடின்னு சொன்னா நம்பல. டீச்சரு பொய் சொல்லுவாங்களான்னு கேட்டா." வெள்ளையம்மாவின் குரல் உயரவில்லை. "எங்கிட்ட சொன்னீங்க, சரி. அவகிட்ட சொல்லுங்க. தனியா கூப்புட்டு இல்ல. அன்னைக்கி எல்லாரும்தான நின்னாங்க."

மூன்றாம் பாடம் பதினோராம் தரம். ஜீவராணி கரும்பலகையில் எதுவும் எழுதாமல் திரும்பி நின்றாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை கணினி ஏன் திறக்கவில்லை என்று படிப்படியாகச் சொன்னாள். "வெள்ளையம்மா அக்கா எதையும் தொடல. நான் பாக்காததைப் பாத்தேன்னு சொன்னேன். அதால பழி அவங்க மேல விழுந்துச்சு" என்று முடித்தாள்.

சுமித்ரா எழுந்து நின்றாள். அழுதிருந்தால் ஜீவராணிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் அழவில்லை.

"நேத்து சார் சொன்னப்ப நீங்க பக்கத்துலதான் டீச்சர் நின்னீங்க."

"ஆமா."

"சிரிச்சீங்க."

"ஆமா" என்றாள் ஜீவராணி. சுமித்ரா உட்கார்ந்தாள். பிறகு பாடம் நடந்தது. எப்படி நடந்தது என்று ஜீவராணிக்கே தெரியாது.

அந்தப் பேச்சும் மாலைக்குள் லயத்துக்குப் போயிற்று. டீச்சரே இப்படிச் செய்வாளா என்று சிலர் ஜீவராணியின் அம்மாவிடம் கேட்டார்களாம். அம்மா அன்று சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அதிபர் தவணை முடியும்வரை, தேவைக்கு மேல் ஜீவராணியோடு ஒரு சொல் பேசவில்லை. அடுத்த வாரம் ஜீவராணி வலயத்து அதிகாரிக்குத் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதி அனுப்பினாள். பதில் வரவில்லை.

வெள்ளையம்மா மறுபடியும் காலையில் அறையைத் திறந்தாள். கணினிகளைப் போட மட்டும் மறுத்துவிட்டாள். ஜீவராணி இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். ஏழே காலுக்கு வரும் முந்திய பஸ்ஸில் வந்து தானே போட்டுக்கொள்கிறாள்.

சுமித்ரா சாதாரண தரப் பரீட்சையில் கணினிப் பாடத்தில் திறமைச் சித்தி பெற்றாள். உயர்தரம் படிக்கப் பலாங்கொடைக்குப் போகும் முன் வெற்றிலைக் கட்டோடு விடைபெற வந்தாள். ஒவ்வொரு ஆசிரியருக்கும் வெற்றிலை கொடுத்து, காலைத் தொட்டுக் கும்பிட்டாள். ஜீவராணிக்கும் வெற்றிலை கொடுத்தாள். குனியவில்லை.

"போயிட்டு வர்றேன் டீச்சர்" என்றாள்.

"நல்லா படி" என்றாள் ஜீவராணி. சுமித்ரா கேட்டைத் தாண்டிப் போகும்வரை வெற்றிலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.